வீட்டில் வளர்த்த கஞ்சாவைத் தனிக் கருவிகள் எதுவும் வாங்காமல் உலர்த்திப் பதப்படுத்த முடியுமா?

கேள்வி கேட்டவர் கனடாவில் ஒன்ராறியோவில் இருக்கிறார். சொந்த வீட்டுப் பின்வளவில் நான்கு செடி நிற்கிறது, ஒக்டோபரில் வெட்டப்போகிறார். உலர்த்தும் கூடாரம், ஈரப்பத இயந்திரம் என்று கடையில் கொடுத்த பட்டியலைப் பார்த்து மலைத்துப் போயிருக்கிறார். முடியும். அந்தப் பட்டியலில் உங்களுக்கு உண்மையில் வேண்டியது ஈரப்பதமானி ஒன்றுதான். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

முதலில் சட்டம். 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு இல்லை, வீட்டுக்கு நான்கு. கியூபெக்கில் அதுவும் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில், இலங்கையில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அங்கே செடி வளர்ப்பதே தண்டனைக்குரிய குற்றம்.

ஒடியலும் மோர்மிளகாயும் காயப்போட்டு வளர்ந்தவர்களுக்குக் காயவைப்பது என்றாலே கண் முற்றத்து வெயிலைத் தேடும். இந்தப் பூவுக்கு வெயில் ஆகாது. 1976இல் லண்டனில் ஃபேர்பேர்ன் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் கஞ்சாவைச் சேமித்து வைத்து ஆராய்ந்து, வீரியம் குறைவதற்கு வெளிச்சமே மிகப் பெரிய தனிக் காரணம் என்று கண்டார்கள். அவர்கள் வைத்துப் பார்த்தது நேர் வெயிலில்கூட இல்லை, சாதாரண வெளிச்சத்தில். சூடும் கெடுதல்தான். வாசனை தரும் எண்ணெய்கள் எளிதில் ஆவியாகிப் போகிறவை. அவனிலும் மைக்ரோவேவிலும் அவசரமாகக் காயவைத்தால் முதலில் போவது அவைதான்.

ஆகவே இருட்டான இடம், 18 முதல் 20 பாகை செல்சியஸ், 55 முதல் 60 சதவீத ஈரப்பதம், ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். இதுதான் இலக்கு. அலுமாரி போதும். பேஸ்மென்றில் ஒரு மூலை கிடைத்தால் இன்னும் நல்லது. கிளைகளை வெட்டி, பெரிய இலைகளை மட்டும் அகற்றிவிட்டு, உடுப்புக் கொழுவியிலோ கட்டிய கயிற்றிலோ தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஒன்றோடொன்று முட்டக் கூடாது. சிறிய ஃபான் ஒன்றைச் சுவரைப் பார்த்தபடி ஓடவிடுங்கள். அறைக் காற்று அசைய வேண்டும், பூவின்மேல் நேராக அடிக்கக் கூடாது.

ஒன்ராறியோவில் இதற்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. அறுவடைக் காலமும் வீட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கும் காலமும் ஒன்று. ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் 30 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது மூன்றே நாளில் பூ வெளியே மொறுமொறுவென்று ஆகும், உள்ளே தண்டு பச்சையாகவே இருக்கும். காய்ந்துவிட்டது என்று நம்பிப் போத்தலில் அடைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வந்து பூஞ்சணம் பிடிக்கும். என்னைக் கேட்டால் வீட்டில் உலர்த்துவதில் உள்ள முழுச் சிக்கலும் இந்த ஒன்றுதான்: உள்ளீரம் வெளியே வரும் வேகத்தைவிட வெளிப்புறம் வேகமாகக் காயக் கூடாது. ஹீட்டர் காலத்தில் கிளையைத் துண்டு துண்டாக நறுக்காதீர்கள், சிறு இலைகளையும் களையாதீர்கள். இலை சுருண்டு பூவை மூடிக்கொள்வதால் உலர்வது மெதுவாகும். அதுவும் போதாவிட்டால் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் குறுக்கே கம்பி கோத்து அதற்குள் தொங்கவிட்டு, பக்கங்களில் சில துளை போடுங்கள். அட்டை கொஞ்சம் ஈரத்தைத் தானும் வாங்கிக்கொண்டு மெதுவாக வெளியே விடும். நான் செய்வது இப்படித்தான், கடைக் கூடாரம் இதைவிட மேலாகச் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காய்ந்ததா என்று பார்க்கச் சின்னக் காம்பை வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் இன்னும் நாள் இருக்கிறது. சடக்கென்று முறிந்தால் போத்தலுக்கு எடுக்கலாம். எடையும் உதவும்: 100 கிராம் பச்சைப் பூ காய்ந்து 20 முதல் 25 கிராமுக்கு வரும். கனடாச் சட்டமும் 5 கிராம் பச்சைப் பூவை 1 கிராம் உலர்ந்த பூவுக்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. குசினித் தராசில் ஒரு கிளையை மட்டும் தினமும் நிறுத்து எழுதி வைத்தாலே நிலைமை தெரிந்துவிடும்.

அடுத்தது போத்தல். காய்ந்த பூவை மூடி வைத்து மெதுவாகப் பதப்படுத்துவது இதற்குள்தான். ஊறுகாய் போடும் அகன்ற வாய்க் கண்ணாடிப் போத்தல், ரப்பர் வளையத்தோடு இறுக மூடுவது. முக்கால்வாசி மட்டும் நிரப்பி, உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானியைப் போட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். மலிவான மானிகள் பொய் சொல்லும் என்பதால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். ஒரு மூடியில் உப்பு போட்டு, கரையாமல் சகதிபோல் இருக்குமளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி 4 குறைவாகக் காட்டுகிறது, அதை நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போத்தலுக்குள் 65க்கு மேல் நின்றால் உடனே எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பிரவுண் காகிதப் பையில் ஒரு நாள் வையுங்கள். 58 முதல் 62 வரை சரி. 55க்குக் கீழே போனால் பதப்படுவது ஏறக்குறைய நின்றுவிடும். முதல் வாரம் தினமும் கால்மணி நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். இரண்டாம் வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. பிறகு எப்போதாவது போதும். மூன்று நான்கு வாரத்தில் பச்சைப் புல் வாசம் அடங்கி, செடியின் சொந்த வாசம் மேலே வரும். அதன் பிறகும் ஒரு மாதம் பொறுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். அதிகம் காய்ந்துவிட்டால் தோடம்பழத் தோல் போடச் சொல்வார்கள். போடாதீர்கள், பூஞ்சணத்துக்கு விதை போடுவதுதான் அது.

மூடியைத் திறந்ததும் அமோனியா போல மூக்கில் ஏறினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. சாம்பல் நிறப் பஞ்சு தெரிந்தால், அல்லது பூவைப் பிளக்கும்போது நடுத்தண்டு பழுப்பாகிப் பொடியாக உதிர்ந்தால், அந்தப் போத்தல் முழுவதும் குப்பைக்கு. பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாவிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒக்டோபர்ப் பனியில் நின்ற செடி சாம்பல் பூஞ்சணத்தோடே உள்ளே வரலாம், ஆகவே தொங்கவிடும் முன்பே ஒவ்வொரு பெரிய பூவையும் விரித்துப் பாருங்கள்.

கீமோ எடுக்கும் உறவினருக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். எவ்வளவு கவனமாக உலர்த்தினாலும் கண்ணுக்குத் தெரியாத அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சண வித்துகள் பூவில் இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் அவை நுரையீரலைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் குடும்பத்திலும் இதே கேள்வி வந்தது. வீட்டுப் பூவைத் தொடாமல், அவருடைய மருத்துவரிடம் பேசி, உரிமம் பெற்ற நிறுவனம் பரிசோதித்து விற்பதைத்தான் வாங்கினோம். நீங்கள் வளர்த்தது உங்களுக்கு. அதையும் குழந்தைகள் கைக்கு எட்டாத பூட்டிய அலுமாரியில், போத்தலில் திகதி ஒட்டி வையுங்கள்.