மஞ்சள் தூளில் சால்மோனெல்லா: ‘வைரஸ் கிட்’டை நம்பலாமா?

கேள்வி: பெருந்துறை அருகே மஞ்சள் அரைத்து ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கிறேன். வைரஸைக் கொண்டு இரண்டே மணி நேரத்தில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்கும் கிட் என்று ஒரு முகவர் விற்க வந்தார். நம்பி வாங்கலாமா? தூளில் வைரஸ் கலந்துவிடாதா?

பதில்: இரண்டாவது அச்சம் வேண்டாம். பேஜ் எனப்படும் இந்த வைரஸ்கள் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். அவற்றைச் சேர்ப்பதும் சோதனைக்கு எடுத்த மாதிரியில்தான், உங்கள் மூட்டையில் அல்ல. ஒளி உண்டாக்கும் மரபணுவைப் பேஜுக்குள் பொருத்திவிட்டால், அது உயிருள்ள சால்மோனெல்லாவுக்குள் புகுந்ததும் அந்தப் பாக்டீரியாவே ஒளிவிடும். கருவி அதை அளக்கும். முறை மெய்யானது. ‘இரண்டு மணி நேரம்’ என்பதுதான் பொய்.

25 கிராம் மாதிரியில் சால்மோனெல்லா அறவே இருக்கக் கூடாது என்பது விதி. மஞ்சள் கிழங்கு கொப்பரையில் வேகும்போது கிருமி செத்துவிடுகிறது. பிறகு களத்தில் காயும்போது பறவை, பல்லி எச்சத்தாலும் அழுக்கு நீராலும் மீண்டும் ஏறுகிறது. அப்படி ஏறியவை வறட்சியில் அடிபட்டு, சாகாமல் துவண்டு கிடக்கும். துவண்ட பாக்டீரியாவுக்குள் பேஜ் பெருகாது, ஒளியும் வராது. கருவி ‘இல்லை’ என்றே காட்டும். ஆகவே 25 கிராம் தூளை 225 மில்லி ஊட்டக் கரைசலில் இட்டு, 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைத்து, அவற்றைத் தெளியவைத்துப் பெருகவிட்ட பிறகே எந்தச் சோதனையும் செல்லும். இந்த இரவைத் தவிர்க்கலாம் என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். சால்மோனெல்லாவில் 2500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கிட்டில் உள்ள பேஜ்கள் எவ்வெவற்றைப் பிடிக்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

கிட்டைவிட நான் அஞ்சுவது மாதிரி எடுக்கும் விதத்தைத்தான். ஒரே மூட்டையின் வாயில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய், லாட் (ஒரே தொகுதிச் சரக்கு) முழுவதற்கும் சான்று தரும் தரகர்களைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது. கிருமி தூளில் சீராகப் பரவியிருப்பதில்லை. பல மூட்டைகளின் அடி, நடு, மேல் என எடுத்துக் கலக்க வேண்டும். ஓர் ஆய்வகம், ஆய்வகங்களை அங்கீகரிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரையைக் காட்டினாலும், மசாலாப் பொருளில் சால்மோனெல்லா சோதனை அந்த ஆய்வகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கமான சோதனைக்கு நான்கைந்து நாள் ஆகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளை அரைக்கும் சிறு ஆலைக்காரருக்கு, அந்த நாள்களில் சரக்கை எங்கே வைப்பது, யாரைக் கேட்பது என்று சொல்ல ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் முகவர்கள் நுழைகிறார்கள்.

பேஜ் கிட்டை உங்கள் ஆலைக்குள் முன்னெச்சரிக்கையாக வைத்துக்கொள்ளலாம். ‘உண்டு’ என்றால் லாட்டை நிறுத்துங்கள். ‘இல்லை’ என்றாலும் வாங்குபவர் ஏற்கும் ஆய்வக அறிக்கையைப் பெற்றே அனுப்புங்கள். அதில் உங்கள் லாட் எண் இல்லையென்றால் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள்.