கனெலோ - கொலோவ்கின் இரண்டாவது பாக்ஸிங் சண்டையின் தீர்ப்பு காசு கொடுத்து வாங்கியதா?

இல்லை. என் கணக்குப்படி அன்றைக்கு ஜெயித்தவர் கொலோவ்கின்தான், 115-113. அப்படியிருந்தும் 'இல்லை' என்றுதான் பதில் சொல்வேன்.

கேள்வி கேட்டவர் சண்டையின் ஹைலைட்ஸை மட்டும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். கூடவே 'கொலோவ்கின் 234 குத்து, கனெலோ 202 குத்து' என்ற கணக்கு கண்ணில் பட்டிருக்கும். அதிகம் குத்தியவன் எப்படித் தோற்பான் என்று தோன்றியிருக்கும். அப்படித் தோன்றுவதில் தப்பே இல்லை. ஆனால் 'ஜட்ஜ் காசு வாங்கிட்டான்' என்பதை இத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் விவரம் தெரியாதவர்களுக்காக. கஜகஸ்தானின் கெனடி கொலோவ்கினும் மெக்சிகோவின் கனெலோ அல்வாரெஸும் மிடில்வெயிட் பட்டத்துக்காக முதலில் மோதியது 2017 செப்டம்பர் 16, லாஸ் வேகாஸில். முடிவு டிரா. ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9 என்று ஒவ்வொரு ஜட்ஜும் போட்டுக் கடைசியில் கூட்டுவார். ஒரு ஜட்ஜ் கொலோவ்கினுக்கு 115-113, இன்னொருவர் 114-114. மூன்றாமவர் அடலெய்ட் பேர்ட், கனெலோவுக்கு 118-110. பன்னிரண்டு ரவுண்டில் பத்தைக் கனெலோ எடுத்தார் என்று அர்த்தம். அந்தச் சண்டையைப் பார்த்த யாராலும் அதை ஏற்க முடியாது. நானும் ஏற்கவில்லை.

மறுமோதல் 2018 மே 5-ம் தேதி நடப்பதாக இருந்தது. இடையில் கனெலோவின் பரிசோதனையில் கிளென்பியூடெரால் என்ற தடை செய்யப்பட்ட மருந்து வந்தது. மெக்சிகோவில் சாப்பிட்ட மாட்டிறைச்சியால் வந்தது என்றார்கள். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் ஆறு மாதம் தடை போட்டது. கொலோவ்கின் அதே மே 5-ம் தேதி வேனெஸ் மார்டிரோஸ்யனை இரண்டாவது ரவுண்டிலேயே படுக்க வைத்தார். தொடர்ந்து இருபதாவது முறையாகப் பட்டத்தைக் காப்பாற்றி பெர்னார்ட் ஹாப்கின்ஸின் மிடில்வெயிட் சாதனையைத் தொட்டார். இன்னும் ஒன்று ஜெயித்திருந்தால் அந்தச் சாதனை அவருக்கே சொந்தம். செப்டம்பர் 15-ம் தேதி அந்த ஒன்றைத்தான் கோட்டை விட்டார். 114-114, 115-113, 115-113, பெரும்பான்மைத் தீர்ப்பில் கனெலோ வெற்றி. தொழில்முறை பாக்ஸிங்கில் முப்பத்தாறு வயது வரை தோல்வியே காணாதவருக்கு முதல் தோல்வி. ரிங்கிலேயே பேட்டி கொடுக்காமல் இறங்கிப் போனார். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். 115-113 என்றால் ஏழு ரவுண்டு ஒருவருக்கு, ஐந்து மற்றவருக்கு. அதில் ஒரே ஒரு ரவுண்டு கை மாறினால் 114-114. ஆக இரண்டு ஜட்ஜும் தலைக்கு ஒரு ரவுண்டை மாற்றிப் போட்டிருந்தால் டிரா, தலைக்கு இரண்டு ரவுண்டு மாறியிருந்தால் கொலோவ்கினுக்கு வெற்றி. யாரும் கீழே விழாத, ஒவ்வொரு ரவுண்டும் இழுபறியாகப் போன சண்டையில் ஒன்றிரண்டு ரவுண்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது கொள்ளை ஆகாது.

234-க்கும் 202-க்கும் வித்தியாசம் 32. பன்னிரண்டு ரவுண்டுக்கும் பங்கிட்டால் ஒரு ரவுண்டுக்கு மூன்று குத்துகூட வராது. அதுமட்டுமல்ல, குத்துகளைப் பிரித்துப் பாருங்கள். கொலோவ்கினின் 234-ல் 118 ஜாப், அதாவது முன் கையால் நேராக விடும் குத்து. கனெலோவுக்கு ஜாப் 59-தான், ஆனால் பவர் பஞ்ச் (ஜாப் அல்லாத மற்ற குத்து) 143, கொலோவ்கினுக்கு 116. உடம்பில் விழுந்தவை கனெலோவுக்கு 46, கொலோவ்கினுக்கு வெறும் 6. ஜட்ஜ் பார்க்க வேண்டியது நான்கு விஷயம்: சுத்தமாக விழுந்த குத்து, பலன் தரும் ஆக்ரோஷம், ரிங்கை யார் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார் என்பது, தற்காப்பு. முதல் சண்டையில் கயிறோரம் ஒதுங்கி ஒதுங்கி ஆடிய கனெலோ, இரண்டாவதில் நடு ரிங்கில் நின்று கொலோவ்கினைப் பின்னால் நடக்க வைத்தார். எதிராளியைத் துரத்தித் துரத்தியே பெயர் வாங்கிய கொலோவ்கின் பின்வாங்கி ஜாப் போடுவதை ஒரு ஜட்ஜ் எப்படி எடுத்துக்கொள்வார்? எனக்கு அந்த ஜாப் பிடித்தது, அதனால்தான் கொலோவ்கினுக்குப் போட்டேன். விலாவில் விழுந்த குத்துக்கு மதிப்பு கொடுப்பவர் மறுபக்கம் போட்டிருப்பார். இரண்டுமே நேர்மையான தீர்ப்பு.

ரிங் ஓரம் இருந்த பத்திரிகையாளர்களில் பெரும்பாலானவர்கள் கொலோவ்கினுக்கோ டிராவுக்கோ போட்டார்கள் என்று பின்னூட்டத்தில் யாராவது வருவீர்கள். தெரியும். நானும் அந்தக் கட்சிதான் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். அவர்கள் போட்டதிலும் பல 115-113-தானே.

இனி என் கதை. நான் சில வருடம் அமெச்சூர் பாக்ஸிங்கில் ஜட்ஜாக உட்கார்ந்தவன். பரீட்சை எழுதி, தேர்வாகி, முறைப்படி உட்கார்ந்தவன். லாஸ் வேகாஸ் எங்கே, மாவட்டப் போட்டி எங்கே என்று கேட்காதீர்கள். 10-க்கு 9 போடுகிற பேனா எங்கேயும் ஒன்றுதான்.

ஒரு ஃபைனல். அதற்கு முந்தின வருடமும் அதே இரண்டு பையன்கள்தான் மோதினார்கள், அப்போதும் தீர்ப்பில் சண்டை வந்தது. அதனால் இந்தத் தடவை கூட்டம் இரண்டு கட்சியாகவே வந்திருந்தது. சிவப்பு மூலைப் பையனுக்கு ஆள் பலம் அதிகம். அவன் கையைத் தூக்கினாலே விசில் பறக்கும்.

ஜட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரிங் மேடை உங்கள் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். கண்ணுக்கு நேராகத் தெரிவது ஷூ. அண்ணாந்து பார்த்தால்தான் தாடை தெரியும். ரெஃப்ரியின் முதுகு சரியாக நல்ல நேரத்தில் குறுக்கே வரும். என் பக்கம் இரண்டு பேரும் வந்தபோது சிவப்புப் பையன் நாலைந்து குத்தை வரிசையாக விட்டான், கூட்டம் எழுந்து நின்றது. ஆனால் நீலப் பையன் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தான், அத்தனையும் கை மேல்தான் விழுந்தது. கையில் விழுந்த குத்துக்கு 'பட்' என்று ஒரு காய்ந்த சத்தம் வரும். விலாவில் விழுந்தால் அந்தச் சத்தம் வராது, மந்தமாக 'தொம்' என்று கேட்கும், கூடவே பையன் மூச்சு விடுவதும் கேட்கும். நான் கேட்டது முழுக்கக் காய்ந்த சத்தம். அடுத்த நிமிஷம் நீலப் பையன் ஒரு ஜாப் போட்டான். சிவப்புப் பையனின் தலை பின்னால் போய் வந்தது, அவன் தலையிலிருந்து வியர்வை தெறித்து என் மேஜை மேல் விழுந்தது. கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது.

3-2, நீலம். அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. இன்றைக்கு உட்கார வைத்தாலும் அதையேதான் போடுவேன்.

சிவப்புப் பையனின் அப்பா நேராக என்னிடம் வந்தார். "எவ்வளவு சார் வாங்குனீங்க?" அத்தனை பேர் முன்னால். பின்னால் நின்ற பையன், "விடுப்பா, வா போலாம்" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். மறுநாள் வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றியது. எதிர்ப் பக்கம் நின்று எடுத்த வீடியோ. அதில் எல்லாக் குத்தும் விழுந்த மாதிரியேதான் இருக்கிறது! என் மனைவியின் உறவினர் ஒருவர் அதை எனக்கே அனுப்பி, "இது நீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். நானா என்று மட்டும் கேட்கவில்லை, வாங்கினேனா என்றும்தான் கேட்டார். அந்தக் கேள்வி எத்தனை நாள் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இதைச் சொன்னதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். ஜெயித்த அந்த நீலப் பையன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, சான்றிதழில் கையெழுத்துப் போட்ட நிர்வாகி செல்லுபடியாகும் நிர்வாகியா என்று ஓர் அலுவலகத்தில் கிளப்பிவிட்டார்கள். சங்கத்தில் இரண்டு கோஷ்டி, இரண்டு செயலாளர், இரண்டு சீல். எந்தச் சீல் அசல் என்று பெரியவர்கள் முடிவு செய்வதற்குள் அட்மிஷன் முடிந்துவிட்டது. மூக்கில் ரத்தம் வர ஜெயித்தவன் வெறும் மார்க்கை நம்பி வரிசையில் நின்றான். ஜட்ஜ் போட்ட 10-9-ஐ ஊரே உட்கார்ந்து விவாதித்தது. இதைப் பற்றி ஒரு நாதியும் கேட்கவில்லை. விளையாட்டில் அநியாயம் என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதையும் எழுதுங்கள்.

சரி, லாஸ் வேகாஸுக்கே வருகிறேன். அங்கே மூன்று ஜட்ஜ், ரிங்கின் மூன்று பக்கம். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் சீட்டு கை மாறிவிடும், அடுத்த ரவுண்டைப் பார்த்துவிட்டு முந்தினதைத் திருத்த முடியாது. நாம் டிவியில் பார்ப்பது அந்த மூன்று பேரில் ஒருவரும் பார்க்காத கோணம். அதோடு வர்ணனையாளர் யாரைப் புகழ்கிறாரோ அவர் ஜெயிப்பதாகவே நமக்கும் தோன்ற ஆரம்பிக்கும்.

நெருக்கமான மறுமோதல் என்றாலே இந்தச் சச்சரவு வரும். 2008-ல் பிலிப்பைன்ஸின் பாக்கியாவோ - மெக்சிகோவின் மார்க்கெஸ் இரண்டாவது சண்டை: 115-112 பாக்கியாவோ, 115-112 மார்க்கெஸ், 114-113 பாக்கியாவோ. பட்டத்தை வைத்திருந்த மார்க்கெஸ் மூன்றாவது ரவுண்டில் ஒரு தடவை விழுந்தார், விழுந்தால் ஒரு புள்ளி கூடுதலாகப் போகும். அந்த நாக்டவுன் இல்லையென்றால் 114-113 என்பது 114-114 ஆகி, சண்டை டிராவாகி, பட்டம் அவரிடமே இருந்திருக்கும். மார்க்கெஸ் ரசிகர்கள் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காக அந்த ஜட்ஜுகளைத் திருடர்கள் என்று சொல்வீர்களா?

நான் கனெலோ ரசிகன் இல்லை. கிளென்பியூடெரால் விஷயத்தில் அந்தத் தடை போதாது என்று நினைப்பவன். பாக்ஸிங்கில் ஊழலே கிடையாது என்றும் சொல்லவில்லை, 1988 சியோல் ஒலிம்பிக் ஃபைனலில் தெளிவாக ஜெயித்தும் தோற்றதாகத் தீர்ப்பு வந்த அமெரிக்காவின் ராய் ஜோன்ஸுக்கு நடந்ததை மறந்துவிட்டுப் பேச முடியாது. 118-110 மாதிரி ஒரு கார்டு வந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள், ஆணையத்தை விளக்கம் சொல்லச் சொல்லுங்கள், அந்த ஜட்ஜைப் பெரிய சண்டைகளில் உட்கார வைக்காதீர்கள் என்று சொல்லுங்கள். கொலோவ்கினுக்கு உண்மையில் அநியாயம் நடந்தது 2017-ல். அந்தக் கோபத்தை எல்லோரும் 2018-ன் மேல் கொட்டுகிறோம். முதல் சண்டையில் அவர் கையைத் தூக்கியிருந்தால், இரண்டாவதன் 115-113-ஐப் பற்றி இந்தக் கேள்வியே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

முழுச் சண்டையையும் ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் வீடியோவை நிறுத்தி, பேப்பரில் 10-9 எழுதிவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போங்கள், பின்னால் திருத்தக் கூடாது. கொலோவ்கினுக்கு 117-111 வந்தால் கனெலோவுக்குக் கொடுத்த மூன்று ரவுண்டு எவை என்று இங்கே எழுதுங்கள். நான் எனக்கு வந்த ஏழையும் ஐந்தையும் வரிசையாகப் போடுகிறேன், ரவுண்டு ரவுண்டாகப் பேசலாம்.