குழல் முனையில் மரை வெட்டலாமா?

மான் வேட்டைக்கு வாங்கிய .308 அளவு ரைபிளின் குழல் முனையில் மரை, அதாவது திருகுப்புரி, வெட்டி, வெடியொலியைக் குறைக்கும் ஒலியடக்கி பொருத்தலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று நியூசிலாந்தில் குடியேறிய ஒருவர் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல இவன் யார் என்று சிலர் கேட்கக்கூடும். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே இங்கு பெருங்குற்றம். காயப்படுத்தும் நோக்கில் சுட்டால், 1973ஆம் ஆண்டின் சட்டப்படி மரண தண்டனை. என் துப்பாக்கி அனுபவமெல்லாம் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் சுமந்த எம்16 ரைபிளோடு சரி. ஆனால் ஜூரோங்கில் 31 ஆண்டுகள் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் நின்றவன் என்பதால், கேள்வியில் பாதி மரையைப் பற்றியது என்று தெரிகிறது.

அந்த எம்16இன் முனையிலும் மரை உண்டு: அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. தீப்பிழம்பை மறைக்கும் உறை அதில்தான் ஏறும். ஒருநாள் அரிக்கிறதென்று காதடைப்பானை நானே பிடுங்கிவிட்டுச் சுட்டேன். இடது காதில் அன்று தொடங்கிய ரீங்காரம் இன்னும் நிற்கவில்லை. ஆகவே ஒலியடக்கியை ஆடம்பரம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. .308 ரைபிளின் வெடியொலி 160 டெசிபெலைத் தாண்டும். ஒலியடக்கி அதில் 25 முதல் 30 வரை குறைக்கும் என்றாலும், ஒலியை விஞ்சி விரையும் குண்டின் சடார் ஓசை அப்படியே இருக்கும். மசில் பிரேக் என்னும் உதைப்புக் குறைப்பான் வேறு. அது தோளைக் காப்பாற்றி, பக்கத்தில் நிற்பவரின் காதைப் பதம் பார்க்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஹாமில்டனில் இருக்கும் என் மைத்துனரின் வீட்டுக்குப் போயிருந்தேன். நியூசிலாந்தில் ஒலியடக்கிக்குத் தடையில்லை என்பதால், அவர் யாரிடமோ மலிவாக மரை வெட்டி வைத்திருந்தார். குழலுக்குள் நேர் பார்க்கும் கம்பியைச் செருகி, ஒலியடக்கியைத் திருகி, அதன் வாய்வழியே பார்த்தேன். கம்பியைச் சுற்றிச் சீரான வளையமாகத் தெரிய வேண்டிய இடைவெளி, ஒருபுறம் மூன்றாம் பிறையாகத் தடித்து, மறுபுறம் இல்லாமலே போயிருந்தது. வெட்டியவர் குழலின் வெளிப்புறத்தை நம்பி இயந்திரத்தில் பிடித்திருக்கிறார். துளையின் அச்சு வெளிப்புறத்தின் அச்சோடு எல்லாக் குழல்களிலும் ஒன்றிப் போகும் என்று சொல்ல முடியாது. துளைக்குள் டயல் கேஜ் என்னும் நுண்ணளவியை வைத்துத்தான் மையம் பார்க்க வேண்டும். அப்படியே சுட்டிருந்தால் குண்டு ஒலியடக்கியின் உள்தடுப்புத் தகடுகளில் உரசியிருக்கும்.

"அத்தான், நீங்களே லேத்தில் சரிசெய்து தரக் கூடாதா?" என்றார். மறுத்துவிட்டேன், இன்றுவரை வருத்தம்தான் அவருக்கு. லேத் ஓட்டுபவன் என்றால் ஓசியில் எதையும் கடைந்து தருவான் என்று நம் உறவினர்கள் நினைப்பதும், கணக்காளரிடம் அப்படிக் கேட்கத் தயங்குவதும் எனக்கு வெகுநாள் மனக்குறை. அதைவிட, துப்பாக்கிக் குழல் என் தொழிலில்லை. பிறகு உரிமம் பெற்ற துப்பாக்கிச் சீரமைப்பாளர் ஓர் அங்குலத்தை அறுத்தெறிந்து, வாய் விளிம்பைப் புதிதாகச் சீவி, மீண்டும் மரை வெட்டினார். அந்த ஓர் அங்குலத்தால் குண்டு இழந்த வேகம் வினாடிக்கு 20 முதல் 30 அடிதான், செலவுதான் இருமடங்கு.

உங்கள் குழல் முனை மெல்லியதாக இருந்தால் வெட்டாதீர்கள். மரைக்குப் பின்னால் ஒலியடக்கி அழுந்தி உட்கார, குழலில் தோள்பட்டைபோல் செங்குத்தான ஒரு படி மிஞ்ச வேண்டும். தடிமன் போதுமானால், வாங்கப்போகும் ஒலியடக்கியை முதலில் முடிவுசெய்து, அதன் அளவுக்கே மரை கேளுங்கள். எம்14×1 (14 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 1 மி.மீ.) மரைமேல் அமெரிக்காவில் .308க்கு வழக்கமான 5/8 அங்குல மரை ஒலியடக்கி பொருந்தாது. பொருத்திய பின் குண்டு விழும் இடம் மாறும், குறியை மீண்டும் சரிபார்க்க வேண்டும். வேலையை ஒப்படைக்கும்முன், மையம் துளையை வைத்தா, வெளிப்புறத்தை வைத்தா என்று கேளுங்கள். இரண்டாவது பதில் வந்தால் ரைபிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.