இடி இடித்தாலே எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. மழைக்காலத்தை எப்படிச் சமாளிப்பது?

ஒளிந்த இடத்திலிருந்து இழுக்காதீர்கள். பயத்தின் உச்சியில் வளர்த்தவரையே கடித்துவிடும். கொஞ்சினால் பயப்படுவதே பழக்கமாகிவிடும் என்பார்கள், அது வெறும் பேச்சு. ஒட்டிக்கொண்டு வந்தால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள். திட்டினால்தான் கெடும்.

இடத்தை நீங்களே தயார் செய்துவிடலாம். சன்னல் இல்லாத உள் அறை நல்லது, குளியலறையும் பரவாயில்லை. லைட் எரியட்டும், மின்னல் பளிச்சிடுவது அவ்வளவாகத் தெரியாது. மின்னலுக்குப் பின்னால் இடி வரும் என்று பல நாய்கள் கற்றுவைத்திருக்கும். ஃபேன், டிவி சத்தம் இடியை ஓரளவு அமுக்கும். ஆனால் காற்று பலத்ததும் முதலில் போவது கரண்ட். ஃபேன் நின்ற அமைதியில் அடுத்த இடி இன்னும் பெரிதாகக் கேட்கும். அதனால் சார்ஜ் ஏற்றிய ஸ்பீக்கரும், போனில் முன்பே இறக்கிவைத்த பாட்டும் தயாராக இருக்கட்டும்.

ஒவ்வொரு இடியும் முடிந்த கையோடு, சுண்டுவிரல் நகமளவு வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம் வேண்டாம். இடி முதலில், கோழி பிறகு. வரிசை மாறினால் கோழியைப் பார்த்ததுமே இடி வரப்போகிறது என்று நடுங்க ஆரம்பிக்கும். எச்சில் ஒழுக, மூச்சிரைக்க நின்று கோழியையும் தொடவில்லை என்றால், அந்த நேரத்தில் பயிற்சி எடுபடாது. டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

பெரும்பாலும் ட்ராசோடோன் அல்லது காபாபென்டின் எழுதுவார்கள். சொதப்பல் நடப்பது நேரத்தில்தான். இடி தொடங்குவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே மாத்திரை உள்ளே போக வேண்டும். பயம் ஏறிய பிறகு கொடுத்தால் சரியாக வேலை செய்யாது. தாமினி செயலி 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னலைக் காட்டும், மாத்திரைக்கு அது தாமதம். வானிலை ஆய்வு மையத்தின் அடுத்த 3 மணி நேர மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். முதல் டோஸை வெயிலடிக்கும் ஒரு நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது கொடுத்துப் பாருங்கள்; சில நாய்கள் அமைதியாவதற்குப் பதில் துள்ளும். அசெப்ரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் தருவதாகச் சொன்னால் கேள்வி கேளுங்கள்: உடம்பு சாய்ந்துவிடும், பயம் அப்படியே இருக்கும். மனிதர்களுக்கான காபாபென்டின் சிரப் சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும், நாய்க்கு அது விஷம்.

இடிச் சத்தத்தைப் பதிவில் போட்டுப் பழக்குவது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரிக்குப் பிறகு செய்கிற வேலை. காது மட்டும் லேசாகத் திரும்பும் அளவு சத்தத்தில் 5 நிமிடம் போதும். சத்தத்தை நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். காற்றழுத்த மாற்றமும் மின்னலும் பதிவில் வராது என்பதால் இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

புயல் நாளில் நாயைச் சங்கிலியில் கட்டவே கட்டாதீர்கள். பயத்தில் சுவர் தாண்டினால் கழுத்து இறுகும், தண்ணீர் ஏறினால் தப்ப வழியில்லை. காலர் பட்டையில் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதுங்கள். மழை வருமுன் மூத்திரம் போக வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள், வீட்டுக் கேட் மூடியிருந்தாலும் லீஷ் கையில் இருக்கட்டும்.

இத்தனை வருடம் சும்மா இருந்த நாய் வயதான பிறகு இடிக்குப் பயப்பட ஆரம்பித்தால் மூட்டு வலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சத்தத்தில் உடம்பு திடுக்கென்று விறைக்கும்போது வலிக்கும், அந்த வலியை அது சத்தத்தோடு சேர்த்துவிடும். வலிக்கு மருந்து தொடங்கியதும் பயமும் குறைவதுண்டு.