தான் சுட்ட குண்டே விமானத்தைத் தாக்குமா?

தாக்கும். 1956 செப்டம்பர் 21 அன்று அமெரிக்கக் கடற்படைக்கான எஃப்11எஃப் டைகர் ஜெட், சோதனையில் தான் சுட்ட குண்டுகளாலேயே விழுந்தது. கடலூர்ப் பள்ளியில் இதைப் பற்றிப் பேசப்போவதாக நீங்கள் எழுதிய உங்கள் மகள் தயங்காமல் பேசலாம்.

‘விமானத்தைவிடக் குண்டுக்குத்தானே வேகம் அதிகம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். புறப்படும்போது மட்டுமே. காற்று அந்த வேகத்தைத் தின்றுவிடும். விமானத்தையோ எஞ்சின் விடாமல் தள்ளுகிறது. கீழ்நோக்கிச் சரிந்தபடி சுட்டபின் விமானி இன்னும் செங்குத்தாகக் கீழே பாய்ந்ததால், சரிந்து இறங்கிய குண்டுகளின் பாதையிலேயே போய்ச் சேர்ந்தார். முன்கண்ணாடி நொறுங்கியபோது பறவை மோதியதென்றே நினைத்தாராம்.

மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில், எதிர்காற்றில் ஓடிக்கொண்டே கசக்கிய காகிதத்தை முன்னால் எறியும்படி மகளிடம் சொல்லுங்கள். சில எட்டுகளில் அது அவள் மேலேயே படும்.

ஒன்று மட்டும்: ‘குண்டு திரும்பி வந்தது’ என்று எழுதவேண்டாம். விமானம்தான் அதை எட்டிப் பிடித்தது. விமானி உயிர்பிழைத்ததையும் அவசியம் சொல்லட்டும்.