மண்ணுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: செம்பூரில் பழைய பெயின்ட் ஆலை இருந்த இடத்தில் ஃபிளாட் பார்த்திருக்கிறோம். அந்த மண்ணே விஷம் என்கிறார் மாமனார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
– வாசகி, மும்பை

பதில்: மாமனாரைக் கேலி செய்யாதீர்கள், அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஈயம், குரோமியம் எல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். தின்னர் போன்ற கரைப்பான்களோ நிலத்தடி நீர்வரை இறங்கி, அப்புறம் ஆவியாகித் தரை விரிசல் வழியாக வீட்டுக்குள்ளும் வரலாம். பில்டர் ‘மண் பரிசோதனை’ ரிப்போர்ட் நீட்டுவார். அது பெரும்பாலும் கட்டடத்தின் பாரத்தை மண் தாங்குமா என்பதற்கானது, ரசாயனத்துக்கு அல்ல! ரசாயனச் சோதனை அறிக்கையைத் தனியாகக் கேளுங்கள். தோண்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள், போர்வெல் தண்ணீரைச் சோதித்தார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மழை விட்டதும் ஒருநடை போய், அஸ்திவாரக் குழியில் தேங்கிய தண்ணீரில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா பாருங்கள். மிதந்தால் செக் புத்தகத்தை எடுக்காதீர்கள்.