640 பேரும் ஒரு கேள்வியும்

அன்புள்ள அக்கா,

தனியாக இயங்கும் கலைஞர்களையும், கைவேலையை வைத்துச் சிறு தொழில் நடத்துபவர்களையும் அறிமுகப்படுத்தும் மின்னஞ்சல் செய்திமடல் ஒன்றை ஒன்றரை வருடமாக நடத்துகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு இதழ். ஒவ்வொன்றிலும் ஆறேழு பேர்; ஆளுக்கு நாலு வரி, ஒரு படம், ஒரு லிங்க். எண்ணிக்கை 640-இல் வந்து நின்றுவிட்டது. அதிலும் 300 பேர் நான் வைத்த ஒரு பரிசுக் குலுக்கலுக்காகச் சேர்ந்தவர்கள். அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பாதிப் பேர் திறந்து படிப்பதாகக் கணக்குக் காட்டுகிறது, ஆனால் யாரும் பதில் எழுதுவதில்லை. கலைஞர்களுக்கும் ஆர்டர் போனதாகத் தெரியவில்லை. வாரம் ஒருமுறை அனுப்பலாமா? கட்டணச் சந்தா ஆக்கலாமா? இன்னும் நிறையப் பேரை அறிமுகப்படுத்தினால் வளருமா? கடைசி மூன்று இதழ்களை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

மூன்று இதழ்களையும் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் படித்து முடித்த பிறகு எனக்கு ஞாபகத்தில் நின்றது ஒரே ஒரு விஷயம்தான். ஒரு மண்பாண்டக் கலைஞர், கோப்பையைத் தூக்கிப் பிடித்து மெருகு நீரில் முக்கும்போது அடியில் பதியும் தன் கட்டைவிரல் தடத்தை அழிக்காமல் அப்படியே சூளையில் வைத்துவிடுகிறார் என்று போகிற போக்கில் அரை வரி எழுதியிருந்தீர்கள். அந்தக் கோப்பை எனக்கு வேண்டும் என்று தோன்றியது. லிங்கைத் தட்டினேன். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போனது. அங்கே விலை இல்லை, எப்படி வாங்குவது என்பதும் இல்லை. அப்படியே யாரோ பூனைக்குட்டி வளர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு போனை வைத்துவிட்டேன்.

இன்னும் நிறையப் பேரை அறிமுகப்படுத்துவது பற்றிய கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. இதழுக்கு ஏழு பேர் வேண்டாம், ஒருவர் போதும்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்த 640 பேர் யார்? என் ஊகம், குலுக்கல் கூட்டத்தைக் கழித்துவிட்டால் மீதியில் பெரும்பாலானவர்கள் கலைஞர்கள். ஒரு கலைஞரைப் பற்றி எழுதுகிறீர்கள், அவர் சேர்கிறார், தன் சக கலைஞர்களிடம் சொல்கிறார், அவர்களும் தங்களைப் பற்றி என்றாவது வரும் என்று சேர்கிறார்கள். கூட்டம் வளர்கிறது, ஆனால் கடைக்குள் நிற்பவர்கள் எல்லோரும் கடைக்காரர்கள். பத்துப் பேரும் பத்துப் பேருக்கு லைக் போடுவார்கள். வாங்க ஆள் இருக்காது.

கலைஞர்களுக்கான கடிதம் வேறு, வாங்குபவர்களுக்கான கடிதம் வேறு. முன்னவர்களுக்கு வேண்டியது விலை எப்படி வைப்பது, உடையாமல் எப்படிப் பொதி கட்டுவது, பணம் தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது. பின்னவர்களுக்கு வேண்டியது ஒரு பொருள், அதைச் செய்த மனிதர், எங்கே கிடைக்கும் என்ற தகவல். இரண்டில் எதைச் செய்தாலும் நல்லதுதான். ஆனால் ஒரே இதழில் இரண்டையும் செய்தால் பாதி இதழ் எப்போதும் வேறு யாருக்கோ எழுதியதாக இருக்கும். ஆர்டர் போகவில்லையே என்பதுதான் உங்கள் வருத்தம் என்பதால், நீங்கள் வாங்குபவருக்கு எழுத வேண்டியவர் என்று நினைக்கிறேன்.

அடுத்த இதழில் ஒரே ஒரு கேள்வி வையுங்கள்: "நீங்கள் செய்பவரா, வாங்குபவரா, சும்மா பார்க்க வந்தவரா? ஒரு சொல்லில் பதில் அனுப்புங்கள்." படிவம், பொத்தான் எதுவும் வேண்டாம், பதில் மின்னஞ்சலே போதும். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் போகும் வரவேற்புக் கடிதத்திலும் இதே கேள்வியைப் போட்டுவிடுங்கள். நூறு பேர் பதில் சொன்னாலே உங்களுக்குப் படம் தெளிவாகிவிடும்.

வரவேற்புக் கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் தன் அச்சுப்படங்களை முன்பணச் சந்தா வைத்து நேரடியாக விற்றார். அச்சுப்பட வியாபாரிகளிடம் போனால் லாபம் அவர்களுக்குத்தான். ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டினால் ரசீது கிடைக்கும், மீதியைக் கட்டும்போது படங்கள் கிடைக்கும். அந்த ரசீதையே அவர் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஒரு சிறிய செதுக்கு ஓவியமாகச் செய்து கொடுத்தார். அதில் ஒன்று, நாடக அரங்கில் விழுந்து விழுந்து சிரிக்கும் கூட்டம். பணம் கட்டியவருக்கு அன்றைக்கே கையில் ஒரு ஓவியம்! 1732-இல் வந்த அவருடைய படவரிசையைக் கள்ள அச்சுக்காரர்கள் நகலெடுத்து விற்றதால், செதுக்கு ஓவியர்களுக்கு உரிமை தரும் சட்டத்துக்காக மற்றவர்களோடு சேர்ந்து போராடினார். 1735 ஜூன் 25-இல் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அடுத்த வரிசையை வெளியிடாமல் நிறுத்திவைத்தார். முன்பணம் கட்டியவர்கள் அதுவரை காத்திருந்தார்கள். உங்கள் வரவேற்புக் கடிதத்தைப் பார்த்தேன்: "பதிவு செய்தமைக்கு நன்றி." அந்த ஒரு வரி மட்டும்தான். அந்தக் கட்டைவிரல் தடத்தின் படத்தை அதில் வைக்கலாமே.

சரி, ஒருவரை மட்டும் எடுத்து எழுதுவதில் என்ன ஆபத்து என்பதையும் சொல்கிறேன், நானே மாட்டியிருக்கிறேன். முன்பு நான் நடத்திய மடலில் ஒரு நோட்டுப் புத்தகம் தைப்பவரைப் பற்றி எழுதினேன். தாள்களை மடித்து, மெழுகில் இழுத்த நூலால் முதுகில் ஒவ்வொரு மடிப்பாகக் கோர்ப்பார்; புத்தகத்தை எந்தப் பக்கத்தில் விரித்தாலும் தட்டையாகப் படுக்கும். எனக்கு அதில் ஒரே மயக்கம், பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். மாதத்துக்கு எத்தனை செய்வார் என்று கேட்கவில்லை. எட்டுதான் செய்வார். முப்பத்தைந்து ஆர்டர் வந்தது. அவர் மறுக்கத் தெரியாதவர், எல்லாவற்றுக்கும் முன்பணம் வாங்கிவிட்டார். நான்கு மாதம் இரவும் பகலும் தைத்தார், கை வீங்கியது. வாங்கியவர்கள் எனக்குத் திட்டி எழுதினார்கள், அவர் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். பிழை முழுக்க என்னுடையது.

அதிலிருந்து எழுதுவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுவிடுவேன்: விலை என்ன, இப்போது கைவசம் எத்தனை, தீர்ந்துவிட்டால் எத்தனை நாளில் அடுத்தது. இந்த மூன்றும் கடிதத்திலேயே இருக்கும். "விலைக்கு அணுகவும்" என்று எழுதச் சொல்லும் கலைஞரிடம் கொஞ்சம் மல்லுக்கட்டுவேன். விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள்.

இப்படிச் செய்தால் பட்டியல் எப்படி வளரும்? ஏழு பேரில் ஒருவராக வரும் கலைஞர் உங்கள் இதழை யாருக்கும் அனுப்ப மாட்டார். இதழ் முழுக்க அவரைப் பற்றியது என்றால் தன் பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புவார். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் ஏற்கெனவே கையால் செய்த ஒரு பொருளுக்குக் காசு கொடுத்தவர்கள். உங்களுக்கு வேண்டியவர்கள் அவர்கள்தான். ஒரு இதழுக்குப் பதினைந்து பேர் இப்படி வந்தால் போதும், குலுக்கலில் வந்த 300 பேரைவிட மேல்.

குலுக்கல் கூட்டம் சும்மா இருப்பதோடு நிற்காது. எதற்காகச் சேர்ந்தோம் என்பதே மறந்துபோய், "ஸ்பேம்" என்று தட்டிவிடுவார்கள். ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து கெடுபிடி காட்டுகிறது: இந்த ஸ்பேம் புகார்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது. 640 பேரில் அது இரண்டே பேர். ஆகவே அந்த 300 பேருக்கும் "தொடர விருப்பமா?" என்று ஒரு கடிதம் போடுங்கள், பதில் வராதவர்களை நீக்குங்கள். எண்ணிக்கை குறையும்போது வயிற்றைப் பிசையும். எனக்கும் பிசைந்தது.

திறந்து படித்தவர் கணக்கை நம்பாதீர்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு வசதி, ஆள் கடிதத்தைத் தொடாவிட்டாலும் அதிலுள்ள படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடும். திறந்ததைக் கணக்கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை வைத்துத்தான், அதுவும் சேர்ந்து இறங்கிவிடும். உங்கள் "பாதிப் பேரில்" எத்தனை பேர் மனிதர்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. வந்த பதில்களை எண்ணுங்கள், போன ஆர்டர்களை அந்தக் கலைஞரிடமே கேட்டு எண்ணுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். உங்கள் இரண்டாவது இதழ் எனக்குப் பாதியில் வெட்டுப்பட்டு வந்தது. கடிதத்தின் உள்குறியீடு (HTML) 102 கேபி தாண்டினால் ஜிமெயில் வெட்டிவிடும். படங்களின் எடை இதில் சேராது, வடிவமைப்புக் கட்டங்கள்தான் காரணம். வெட்டுப்பட்டால் அடியிலுள்ள "விலகு" லிங்க் மறைந்துவிடும், விலக நினைப்பவர் வேறு வழியில்லாமல் ஸ்பேம் பொத்தானைத் தேடுவார். ஏழு கட்டங்கள் ஒன்றானால் இந்தப் பிரச்சினையும் தீரும்.

வாரம் ஒருமுறை வேண்டாம். ஒரு கலைஞரிடம் உட்கார்ந்து பேச இரண்டு வாரமே போதாது.

கட்டணச் சந்தாவும் இப்போது வேண்டாம். சப்ஸ்டாக் என்ற செய்திமடல் தளம் 10 சதவீதம் எடுக்கும், அதற்கு மேல் கார்டு கட்டணம். அது பெரிதில்லை. மாதாமாதம் பணம் வாங்க ஆரம்பித்தால் அந்தச் சந்தாவுக்காக எழுத ஆரம்பிப்பீர்கள், வாசகர் கோப்பைக்குக் கொடுக்கவேண்டிய காசை உங்களுக்குக் கொடுத்திருப்பார். ஆர்டர்கள் தொடர்ந்து போக ஆரம்பித்த பிறகு கலைஞரிடமே விற்பனையில் ஒரு சிறு பங்கு கேளுங்கள், கேட்பதை இதழில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அறிமுகம் செய்ய முன்கூட்டியே பணம் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். அப்புறம் யாரைப் பற்றி எழுதுவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

எந்தத் தளத்தில் நடத்தினாலும் மாதம் ஒருமுறை முகவரிப் பட்டியலை இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். ட்விட்டர் வாங்கிய ரெவ்யூ என்ற செய்திமடல் தளம் 2023 ஜனவரியில் மூடியது, டைனிலெட்டர் என்ற இன்னொன்று 2024 பிப்ரவரியில் மூடியது. பட்டியல் கையில் இருந்தவர்கள் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

கேள்விக்கு வரும் பதில்களை எண்ணி எனக்கு எழுதுங்கள். அந்தக் கோப்பைக்காரரிடம் விலையும் கேட்டுச் சொல்லுங்கள், எனக்கு இரண்டு வேண்டும்.

அன்புடன்,
அக்கா